வாசலில் கடல், ஏறக் கப்பல் இல்லை

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் பின்னேரம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி மணலில் இருந்தோம். எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குக் காவின் முடிந்து இரண்டு கிழமைதான். பொண்ணும் எங்களோடு படித்தவள்தான், அதனால் ரெண்டு பேரையும் வைத்துக் கேலி நடந்துகொண்டிருந்தது. “ஹனிமூன் எங்க?” என்று யாரோ கேட்க, மாப்பிள்ளை வழக்கம்போல “நுவரெலியாதான், வேற எங்க” என்றான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, “கப்பல்ல போவமா?” என்றாள்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர் ஃபோனை எடுத்தார். அந்தத் தேடலில் ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. கோர்டீலியா என்ற இந்திய நிறுவனத்தின் கப்பல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் அதன் இலங்கைத் துறைகள். செய்தி வந்தபோது நாங்களும் படித்துவிட்டு மறந்துபோனோம். இப்போது வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்கு நேர் வழியில் போகும் கப்பல் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று எங்கள் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் இருந்த அதே மணலுக்கு நேரே, அடிவானத்துக்கு அந்தப்பக்கமாகப் போயிருக்கும். அதில் ஏற வேண்டுமென்றால் கல்முனையில் இரவு பஸ் எடுத்து, கொழும்புக்குப் போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, அங்கே துறைமுகத்துக்குப் போக வேண்டும். அப்படியெல்லாம் போய் ஏறினால் கப்பல் திரும்ப எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து காட்டும்.

“இதென்ன பைத்தியக்காரத்தனம்” என்றான் மாப்பிள்ளை. நியாயம்தான். ஆனால் இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

தீவைச் சுற்றிக் கப்பலில் போவது புதிய சமாச்சாரமே இல்லை. நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முந்தி சிலோன் ஸ்டீம்ஷிப் கம்பனி என்றொரு கம்பனி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ‘லேடி கோர்டன்’, ‘லேடி ஹேவ்லொக்’ என்ற அதன் நீராவிக் கப்பல்கள் கொழும்பில் புறப்பட்டு, மட்டக்களப்பு, திருகோணமலை, வடக்குத் துறைகள் என்று கரை கரையாகத் தொட்டுத் தீவைச் சுற்றின. கோர்டனும் ஹேவ்லொக்கும் இலங்கையை ஆண்ட ஆளுநர்களின் பெயர்கள். அவர்களின் மனைவிமார் பெயரில் கப்பல். ஏறியவர்களில் பெரும்பாலோர் உத்தியோகத்தர்கள், வியாபாரிகள். கொஞ்சம் வெள்ளைக்காரப் பிரயாணிகள் வேடிக்கை பார்க்கவும் ஏறினார்கள். மட்டக்களப்பில்கூட கப்பல் கரைக்கு வராது. வாவியின் முகத்துவாரம் ஆழமில்லாத மணல்மேடு. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட, வள்ளங்களில்தான் ஆட்களும் மூட்டைகளும் ஏறி இறங்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் அதுவும் பெரும்பாடு. 1928இல் ரெயில் மட்டக்களப்புக்கு வந்தது. ஒரு இரவில் கொழும்பு என்று ஆனபின் அலையில் ஆடிக்கொண்டு தீவைச் சுற்ற யாருக்கு மனம் வரும்? கப்பல் மறைந்தது. ரெயிலும் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனைக்கு இன்றுவரை வரவில்லை என்பது வேறு கதை, வேறு வயிற்றெரிச்சல்.

இப்படிச் சொன்னால் ஏதோ கப்பலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். உண்மை அப்படியில்லை. கப்பல் எங்கள் கலியாணத்துக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கலியாணம் எப்படி நடக்கும் என்று மற்ற ஊர்க் கூட்டாளிமார் அடிக்கடி கேட்பார்கள். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவான். வாப்பா வாழ்நாளெல்லாம் உழைத்து மகளுக்கு வீடு கட்டுவார். மூத்தவளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு நகர்வார்கள், அது அடுத்தவளுக்குப் போகும். இதோடு குடி என்றொன்றும் இருக்கிறது. பிள்ளைக்குக் குடி உம்மாவின் வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே குடிமுறைதான். ரெண்டு சமூகமும் எத்தனை தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் இந்தத் தாய்வழிக் கணக்கு ரெண்டு பக்கத்துக்கும் பொது. அக்கரைப்பற்றில் 1960களின் இறுதியிலிருந்து களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? கேரளத்தின் மலபார்க் கரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணூர், தலச்சேரிப் பக்கத்து மாப்பிளமார் மத்தியில் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தான் போவார். காயல்பட்டினத்திலும் அப்படியே. எல்லாம் கடல் வியாபார ஊர்கள். காற்றுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் கடலில் போகிற ஆண் எந்த வீட்டுக்குச் சொந்தக்காரனாக இருக்க முடியும்? வீடு பெண்ணோடு நிற்கும், ஆண் வந்து போவான். ஒரே காரணம் இதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது. மலபாரின் முஸ்லிமல்லாத சமூகங்களிலும் தாய்வழி இருந்தது. ஆனால் கடலும் தாய்வழியும் இந்தக் கரைகளில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருவதைக் காணாமல் இருக்க முடியாது.

இப்னு பதூதாவை இங்கே கூப்பிடலாம். 1343-44இல் மாலைதீவில் காழியாக இருந்த அவர், அங்கே கலியாணம் எவ்வளவு லேசு என்று எழுதியிருக்கிறார். கப்பல் வந்ததும் மாலுமிகள் கலியாணம் முடிப்பார்களாம், கப்பல் புறப்படும்போது தலாக் சொல்வார்களாம், பெண்கள் மட்டும் ஊரை விட்டு ஒருபோதும் போக மாட்டார்களாம். அவரும் சும்மா இருக்கவில்லை, அங்கேயே பல கலியாணம் முடித்தார். அடுத்து இலங்கைக்கு வந்து புத்தளம் வழியாகப் பாவா ஆதம் மலைக்கு ஏறினார். உலகம் சுற்றியவர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அதே மனிசன்தான். அவர் விட்டுவிட்டுப் போன பெண்களின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை யாரும் எழுதவில்லை.

இன்னொரு தடயம் பள்ளிவாசலுக்குள் இருக்கிறது. எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளி நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருந்தார். அந்தச் சொல் மரக்கலத்திலிருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். மரக்கலம் போய்விட்டது, மரைக்கார் மட்டும் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடற்கரைப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நாகூர் சாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரில் உள்ளது. வருடா வருடம் அங்கே கொடியேற்றம் நடக்கும். நாகூராண்டவரின் கராமத்துகளில் ஊருக்கே தெரிந்தது கப்பல் கதைதான். ஓட்டை விழுந்து தாழப்போன கப்பலை, எங்கோ இருந்தபடி கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது. கொடியேற்றத்துக்குப் போவதா வேண்டாமா என்ற சண்டை எங்கள் தலைமுறையில் எல்லா வீட்டிலும் உண்டு, அதற்குள் இப்போது போக வேண்டாம். கடல் பிரயாணிகளுக்குக் காவல் என்று நம்பப்பட்ட ஒருவரின் கொடி எங்கள் கரையில் பறக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

ஆனால் நாங்கள் எல்லோரும் கப்பல்காரர்களின் பிள்ளைகள் என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். அப்படியானால் எங்கள் மூதாதையரில் ஒரு பகுதி இங்கே வந்தது கப்பலில் அல்ல, காட்டு வழியால். வந்தவர்கள் செய்ததும் வேளாண்மைதான். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்றால் நெல். மருதமுனை என்றால் தறி. கடலுக்குப் போவது மீன்பிடிக்கிறவர்கள் மட்டும். மற்ற எல்லோருக்கும் கடல் என்பது காற்று வாங்கப் போகிற இடம்.

பெரிய கப்பல் பார்க்க வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. ரெயில், கப்பல், திரும்ப ரெயில் என்று ஒரே பயணம். இங்கிருந்து மட்டக்களப்பு ரெயிலைப் பிடித்து, மாறி மாறி ஏறித் தலைமன்னாருக்குப் போனால் அடுத்த கரையில் இந்தியா. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் யுத்தம் மூண்டதும் 1984இல் நின்றது. ஹஜ்ஜுக்கும் ஒரு காலத்தில் கப்பல்தான். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிமாரை ஏற்றிய கப்பல்கூட 1995 வரை ஓடியது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் கடனெல்லாம் அடைத்து, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, மௌத்துக்குப் போகிறவர்போலத்தான் ஊரை விட்டுப் போவார். யோசித்துப் பாருங்கள், புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து கப்பல் ஏறியவர்கள் எங்கள் ஊரில் யாராவது இருந்தால், அது பேரப்பிள்ளை கண்ட வயதில், ஹஜ்ஜுக்குப் போனவர்களாகத்தான் இருக்கும்.

1980களுக்குப் பிறகு எங்கள் பெண்களும் கடல் கடந்தார்கள். கப்பலில் இல்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்கு, விமானத்தில், தனியாக. சீதன வீட்டுக்கு வாப்பாவின் சம்பாத்தியம் போதாதபோது உம்மாவோ ராத்தாவோ போய்க் கட்டிய வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் நிறைய உண்டு. இப்னு பதூதா சொன்ன ‘ஊரை விட்டுப் போகாத பெண்’ கடைசியில் போனபோது, போனது அந்த வீட்டைக் கட்டத்தான்.

கடைசியில் துறைமுகமும் வந்தது, ஒலுவிலில். கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப் 1994 முதல் 2000 வரை துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு அது. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் மௌத்தானார். டென்மார்க்கின் உதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. எங்களில் சிலர் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு போய்ப் பார்த்தோம். இனிக் கப்பல் வரும் என்றார்கள். மணல்தான் வந்தது. எங்கள் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். கடலுக்குள் நீட்டிய கல்லணை அந்த மணலை மறித்தது. வாசல் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் மணல் கிடைக்காத கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் சரிந்தன. மீன்பிடி வள்ளங்களே உள்ளே போக முடியாமல் நின்ற நாட்கள் உண்டு. வர்த்தகத் துறைமுகம் வர்த்தகம் பார்க்கவேயில்லை. அஷ்ரப் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மணல் எந்தக் கட்சிக்கும் கேட்காது.

சரி, கப்பலுக்கு வருவோம். நாங்கள் தேடிப்பிடித்தவற்றைச் சொல்கிறோம், முதல் தடவை போக நினைக்கிற வேறு ஜோடிகளுக்கும் உதவும்.

இந்த எம்பிரஸ் புதுக் கப்பல் இல்லை. 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிரான்சில் கட்டியது. மியாமியிலிருந்து மூன்று நாலு நாள் பயணத்துக்கென்றே திட்டம்போட்ட கப்பல். அதாவது லீவு குறைவானவர்களுக்கு, புதுசாக் கலியாணம் முடித்தவர்களுக்கு. கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1,600 பேர் போகலாம். முதலில் காட்டுகிற விலை ஒரு ஆளுக்கானது, அதுவும் இருவர் ஒரு கேபினில் இருந்தால். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். ஆகக் குறைந்த விலைக் கேபினுக்கு ஜன்னலே கிடையாது, சுவருக்குள்தான் இருக்க வேண்டும். சாப்பாடு விலைக்குள் அடங்கும். ஹலாலா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள், வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்திய விசா வேண்டும். கப்பல் இந்தியாவை விட்டுப் போய்த் திரும்ப அங்கேயே வருவதால், ஒரு தடவை மட்டும் நுழையும் விசா போதாது. ஏறியதும் உயிர்காப்பு அங்கி, கூட வேண்டிய இடம் எல்லாம் காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கொஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, அந்தப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்பே, இல்லாவிட்டால் புறப்பட்ட உடனேயே முடித்துவிட வேண்டும் என்றாகிவிட்டது. செல்ஃபி எடுக்காமல் கவனியுங்கள். பயணப் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும், எல்லாப் பயணமும் இலங்கைக்கு வராது. வாடைக் காலத்தை நினைக்கவே வேண்டாம். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலே ஒரு கிழமைக்குள் அந்தப் பருவத்துக்கு நின்றுபோனது, பிறகு 2024 ஓகஸ்டில்தான் திரும்ப ஓடியது.

இன்னொரு சின்னச் சங்கதி. பதிவுப் படிவத்தில் ரெண்டு பேரின் பெயரும், ரெண்டு பேரின் கடவுச்சீட்டு இலக்கமும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அவள் அதை நிரப்பிவிட்டுச் சொன்னாள், “காவின்லகூட என்ட கையெழுத்த யாரும் கேக்கல்ல.” 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படவில்லை. வலியின் கையொப்பம் போதும் என்றே நடந்துவந்தது. மாற்ற வேண்டுமென்று பெண்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள்.

வீட்டில் சொன்னபோது பூகம்பம். வாப்பாவுக்குக் காசுப் பிரச்சினை. சீதன வீட்டின் மேல்மாடி இன்னும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. “அந்தக் காசுக்கு சிலாப் போடலாமே மகள்” என்றார். அவர் சொல்வதிலும் பிழையில்லை. கொத்தன் வேலைக்கும் மேசன் கூலிக்கும் நடுவே தேய்ந்துபோன மனிசன் அவர். ஆனால் உம்மாவின் மறுப்பு வேறு மாதிரி.

“கடலயா பாக்கப் போறீங்க? காசு குடுத்தா?”

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள், இலங்கையிலேயே ஆகக் கூடிய இழப்பு இங்கேதான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுக்கக் கடல் ஏறி வந்தது. அவளுக்கு அப்போது நாலு வயசு. உம்மாவின் தங்கச்சியும் ரெண்டு பிள்ளைகளும் அந்தக் காலையில் போனார்கள். உம்மாவின் சீதன வீட்டில் மிஞ்சியது கிணறு மட்டும். பிறகு பலருக்கும் கிடைத்த புது வீடுகள் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு இருந்த வீடு அலையில் போய், கடதாசியில் ஆணுக்குத் திரும்பி வந்தது. உம்மாவுக்கும் அப்படித்தான். அன்றிலிருந்து அவர் கடற்கரைப் பக்கம் வந்ததே இல்லை. கொடியேற்றத்துக்கும் இல்லை, பெருநாளுக்கும் இல்லை. நாங்கள் பெருநாளைக்கு மணலில் இருந்தபோதுகூட மூன்று தடவை ஃபோன் எடுத்து, “இருட்டிட்டு, எழும்பி வாங்க” என்றார்.

ஒரு மாதம் வீட்டில் இந்தப் பேச்சே இல்லை. கப்பல் கைவிடப்பட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சோறு போட்டுக்கொண்டே உம்மா யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“அங்க நடுக்கடல்ல இருந்து பாத்தா நம்மட ஊர் தெரியுமா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். கரை தட்டை, மலை இல்லை, கப்பல் எவ்வளவு தூரத்தில் போகும் என்பதைப் பொறுத்தது. அதையே சொன்னோம். மாப்பிள்ளை மட்டும், “ராவையில லைட் வெளிச்சம் தெரியும் மாமி” என்றான். அவர் “ம்” என்றார். சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

அம்பாந்தோட்டையிலிருந்து வடக்கே போகிற கப்பலில் எங்கள் கரை இடது பக்கம் வரும். வாடை ஓய்ந்தபின் அந்தப் பாதையில் எப்போது பயணம் என்றும், ஜன்னலுள்ள இடப்பக்கக் கேபின் கிடைக்குமா என்றும் ரெண்டு பேரும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.